சொற்பப் பணத்தில் ஒரு மிக்சி

விருதுநகர் மாவட்டத்தில் காரியாபட்டி வட்டத்தைச் சேர்ந்த மல்லாங்கிணற்றிலும், அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று அதன் அக்கம்பக்கமாகப் பரந்து கிடக்கும் மானாவாரிப் பூமியிலும் வாழ்கின்ற ஒரு சாமானியக் குடும்பத்தின் அடுப்பங்கரையில் ஓராண்டுக் காலத்தில் என்னென்ன பண்டங்கள் அரைபடுகின்றன என்று ஒரு ஜாபிதா தயாரித்தால், மிக்சி வாங்கப் புறப்படுகிறவருக்கு அதைக் காட்டிலும் உத்தமமான வழிகாட்டி வேறில்லை. காலையில் சட்னிக்குத் தேங்காயும் பொட்டுக்கடலையும். மத்தியானக் குழம்புக்கு வறுத்த மல்லியும் மிளகாய் வத்தலும் சீரகமும். வாரத்தில் இரண்டொரு நாள் இட்லிக்கும் தோசைக்கும் அரிசியும் உளுந்தும். கோடை வந்தால் கூழுக்குக் கம்பு, சில வீடுகளில் கேழ்வரகு அல்லது குதிரைவாலி. வருஷத்துக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ, படி படியாக மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் மஞ்சள் தூளும். கரிசலில் விளைகின்ற மல்லியும், சற்றுக் கிழக்கே இராமநாதபுரத்துச் சீமையில் விளைந்து 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு வத்தலும் இந்த ஜாபிதாவில் நிரந்தரமான ஸ்தானம் பெற்றவை.

இந்தப் பண்டங்கள் யாவும் 'அரைக்கப்படுகின்றன' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோமாயினும், பௌதிக சாஸ்திரத்தின் கண்ணோடு பார்த்தால் அவை உடைகின்ற விதம் ஒன்றுக்கொன்று வேறானது. வறுத்த மல்லியும் காய்ந்த வத்தலும் மோதலினால் நொறுங்குபவை. ஈரம் இல்லாமையால் அவற்றின் தோலும் சதையும் வளைந்து கொடுக்க மாட்டா, ஆகவே ஓங்கி ஓர் அடி பட்டால் சிதறிவிடும். ஊறிய உளுந்தோ மோதினால் வழுக்கி விலகி ஓடும்; அதை இரண்டு கற்களுக்கிடையே அழுத்திப் பிடித்து நசுக்கித் தேய்த்தால்தான் அதற்குள் அடங்கிய பசைத்தன்மை வெளிப்பட்டுக் குழையும். தேங்காய்ச் சில்லும் கறிவேப்பிலையும் நாருள்ளவையாதலால் வெட்டுப்பட வேண்டும். நம் பழைய வீடுகளில் அம்மி, ஆட்டுரல், உரல், திருகை என்று நான்கு சாதனங்கள் தனித்தனியே இருந்தமைக்கு இதுவே காரணம்: உலக்கை மோதிற்று, அம்மியும் ஆட்டுரலும் நசுக்கித் தேய்த்தன, திருகை உலர்ந்த தானியத்தை உடைத்தது. ஆகையால், இந்த நான்கின் வேலையையும் ஒரே மோட்டாரும் ஒரே பிளேடும் ஏற்றுக்கொண்டு செய்துவிடும் என்ற எதிர்பார்ப்போடு கடைக்குச் செல்கிறவர், எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதிருப்தியோடுதான் திரும்ப நேரும். குறைந்த பணத்தில் வாங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது, எந்த வேலையை மிக்சியின் தலையில் ஏற்றக் கூடாது என்று தீர்மானிப்பதே என்பது என் துணிபு. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவதன் சாரமும் அதுவே.

அம்மியையும் ஆட்டுரலையும் புகழ்ந்து பேசி, அந்தக் காலம் போயிற்றே என்று ஏங்குவோர் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் அவற்றில் அரைத்தவர்கள் அல்லர். ஆரோக்கியமான ஒரு மனிதர் நீடித்து உழைக்கும்போது வெளிப்படுத்தக்கூடிய சக்தி சுமார் 75 வாட் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதுவும் காலின் பலத்தையும் சேர்த்து. குனிந்து அமர்ந்து கையால் மட்டும் குழவியைச் சுழற்றும்போது அது இன்னும் குறையும். வயல் வேலையோ தறி வேலையோ முடித்து வீடு திரும்பிய பெண் ஒருத்தி, விளக்கு வைத்த பின் முக்கால் மணி நேரம் மாவாட்டிய உழைப்பைச் சில காசு மின்சாரம் செய்து முடிக்கிறது என்பதை மனித குலம் அடைந்த பெரிய விடுதலைகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். ஆகவே இந்த யந்திரம் ஏழை வீட்டுக்கும் அவசியமானது. ஆடம்பரம் என்று இதைத் தள்ளுவதற்கில்லை. அவசியமான பொருளை ஆராய்ந்து வாங்குவதுதானே முறை?

மிக்சி எவ்வாறு அரைக்கிறது? அதன் மோட்டார் சுமையின்றிச் சுழலும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 18,000 சுற்றுகள் சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 300 சுற்று. ஜாரின் அடியிலுள்ள பிளேடின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 7 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த நுனி ஒரு சுற்றில் கடக்கும் தூரம் 22 சென்டிமீட்டர். ஒரு விநாடியில் கடக்கும் தூரம் 66 மீட்டர். மணிக் கணக்கில் சொன்னால் 230 கிலோமீட்டருக்கும் அதிகம். மல்லாங்கிணற்றுக்கு அருகே விருதுநகர் வழியாகச் செல்லும் எந்த ரயிலும் அந்த வேகத்தில் ஓடுவதில்லை. பண்டம் உள்ளே விழுந்து சுமை ஏறியதும் இந்த வேகம் பெரிதும் குறைந்துவிடுமாயினும், அப்போதும் அது மல்லி விதையை மோதிச் சிதறடிக்கவும் தேங்காயைத் துண்டு துண்டாக அரியவும் போதுமானதாகவே இருக்கிறது. மிக்சியின் பலம் வேகத்திலே உள்ளது. கல்லின் பலம் பாரத்திலே உள்ளது. மிக்சியில் நசுக்குதல் என்பது அநேகமாக இல்லை.

ஜாருக்குள் நிகழும் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். பிளேடு சுழலும்போது ஈரப் பண்டம் பக்கவாட்டில் வீசப்பட்டு, ஜாரின் சுவரை ஒட்டி மேலேறி, நடுவிலே குழி விழுந்து அந்தக் குழியின் வழியாக மீண்டும் பிளேடின் மேல் வந்து விழுகிறது. இந்தச் சுற்றோட்டம் தடையின்றி நடந்தால்தான் எல்லாத் துணுக்குகளும் மாறி மாறி வெட்டுப்படும். பண்டம் மிகக் குறைவாயிருந்தால் யாவும் சுவரில் போய் ஒட்டிக்கொள்ள, பிளேடு வெறும் காற்றிலே சுழலும். மிக அதிகமாயிருந்தால் மேலே இருப்பது கீழே இறங்குவதற்கு வழியின்றி அடியிலுள்ளது மட்டும் கூழாகிச் சூடேறும். ஜாரின் உட்சுவரில் செங்குத்தாகப் புடைத்து நிற்கும் வரிகள், பண்டம் பிளேடோடு சேர்ந்து மொத்தமாகச் சுற்றிவிடாமல் மறித்து உள்நோக்கித் திருப்புவதற்காக அமைந்தவை. வாங்கும்போது விரலால் தடவிப் பார்த்து அவை எடுப்பாக இருக்கின்றனவா என்று அறிந்துகொள்வது நல்லது. நான்கு வத்தலும் ஒரு கை தேங்காயும் அரைக்கும் வீட்டில் அன்றாடம் உழைப்பது சிறிய சட்னி ஜார்தான். கடைகளில் விளக்கொளியில் அடுக்கி வைத்திருக்கும் பெரிய கண்ணாடி ஜாரையோ பழச்சாறு ஜாரையோ கண்டு மயங்கி, சட்னி ஜாரின் தரத்தைச் சோதியாமல் வருவது பிசகு.

இந்த யந்திரத்தின் பூர்விகம் ருசிகரமானது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ராசீன் நகரில் வாழ்ந்த ஸ்டீபன் பாப்லாவ்ஸ்கி என்பவர், பாலில் மால்ட் மாவைக் கலக்கி விற்கும் பானக் கடைகளுக்காக, பாத்திரத்தின் அடியிலேயே சுழலும் பிளேடை அமைத்து 1922இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதன் வம்சத்தில் வந்த மேல்நாட்டுப் பிளெண்டர்கள் யாவும் திரவத்தைக் கலக்குவதற்கே பிறந்தவை. ஊறிய அரிசியையும் வறுத்த மல்லியையும் அவற்றின் சிருஷ்டிகர்த்தர்கள் கண்டதில்லை. ஆகையால் அவை இந்தியச் சமையலறைக்கு வந்தபோது மோட்டார் எரிந்தது. பம்பாயில் சீமென்ஸ் கம்பெனியில் எஞ்சினியராயிருந்த சத்திய பிரகாஷ் மாத்தூர் என்பவரின் வீட்டிலும், அவருடைய மனைவி மாதுரி மாத்தூர் உபயோகித்த ஜெர்மானியப் பிரான் மிக்சி அவ்வாறு எரிந்துபோக, அதைப் பழுது பார்ப்பதற்கு நம் நாட்டில் வசதியில்லாமையைக் கண்டு, நமது அரைவையைத் தாங்கக்கூடிய மோட்டாரைச் சத்திய பிரகாஷ் தாமே வடிவமைக்கலானார். அதுவே 'சுமீத்' என்ற பெயரோடு பரவி, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டு மத்தியதரக் குடும்பங்களின் கல்யாணச் சீர்வரிசையில் இடம் பிடித்தது. இந்தியப் பாணி மிக்சிக்கு அன்று ஏற்பட்ட இலக்கணமே, பலமான மோட்டாரும் துருப்பிடிக்காத எஃகு ஜாரும், வெவ்வேறு வேலைக்கு வெவ்வேறு பிளேடும் என்று இன்றளவும் நீடிக்கிறது.

இனி அந்த மோட்டாரைப் பார்ப்போம். மிக்சியில் உள்ளது, நிலைச் சுருளும் சுழலும் ஆர்மேச்சர்ச் சுருளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்ட ஒரு வகை மோட்டார். மின்னோட்டத்தின் திசை மாறும்போது இரண்டின் காந்தத் தன்மையும் ஒருங்கே மாறிவிடுவதால், சுழற்சியின் திசை மாறுவதில்லை. கைக்கடக்கமான உருவத்தில் மிகுந்த வேகத்தைத் தருவது இதன் விசேஷம். ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொண்டு சேர்ப்பவை இருபுறமும் ஸ்பிரிங்கினால் அழுத்தப்பட்டு உரசிக்கொண்டிருக்கும் இரண்டு கார்பன் கட்டிகள். அவை உரசி உரசித் தேய்வது இயற்கை. இந்த மோட்டாரை அழிப்பதும் ஒன்றே ஒன்றுதான்: உஷ்ணம்.

சுருளிலே பாயும் மின்னோட்டம் எவ்வளவோ, அதன் வர்க்கத்துக்கு ஏற்ப அதில் உஷ்ணம் பிறக்கிறது என்பது ஜூலின் விதி. ஆகவே அளவுக்கு மீறிய சுமையினால் மின்னோட்டம் 20 சதவீதம் கூடினால் உஷ்ணம் 44 சதவீதம் கூடிவிடும். கம்பியின் மேல் பூசியுள்ள எனாமல் காப்பு தன் வரம்புக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஆயுளில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும் என்பது எஞ்சினியர்கள் நடைமுறையில் கொண்டுள்ள விதி. மிக்சியில் வாசனை வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்களே, அது அந்தக் காப்பு கருகும் வாசனை. ஒரு முறை அவ்வாறு வாசனை வந்த மோட்டார் அதன் பின் ஓடினாலும், ஆயுளில் ஒரு பங்கைச் செலவழித்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். பல மிக்சிகளின் அடியில் ஒட்டியுள்ள தகட்டில் 30 நிமிட ரேட்டிங், 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் ஓய்வு என்று அச்சிட்டிருப்பதைப் படிப்பவர் அரிதினும் அரிது. கூடியபட்சம் 5 நிமிடம் ஓட்டிவிட்டு 2 நிமிடம் ஆறவிட்டு மறுபடி ஓட்டுமாறு அந்த மோட்டார் திட்டமிடப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள்.

அப்படியானால் வாட் அதிகமுள்ள யந்திரத்தை வாங்கிவிட்டால் கவலை இல்லையே என்று தோன்றும். கடைக்காரரும் 500ஐக் காட்டிலும் 750 உயர்ந்தது, 750ஐக் காட்டிலும் 1000 உயர்ந்தது என்றுதான் சொல்வார். பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் என்பது யந்திரம் வீட்டு மின்சாரத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் சக்தியின் அளவு. பிளேடுக்குக் கொண்டு சேர்க்கும் சக்தியின் அளவு வேறு, அது எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படுவதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முழுவதும் மோட்டாரின் உடலிலேயே உஷ்ணமாகத் தங்குகிறது. நல்ல செம்புச் சுருளும் தரமான இரும்புத் தகடுகளும் காற்றோட்டமான அடிப்பாகமும் உள்ள 500 வாட் யந்திரம், மட்டமாகக் கட்டிய 750 வாட் யந்திரத்தைக் காட்டிலும் நீடித்து உழைக்கும். விலை குறைந்த சில மிக்சிகளில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றுகிறார்கள். அலுமினியத்தின் மின்தடை செம்பினுடையதைப் போல் சுமார் 1.6 மடங்கு. அந்தக் குறையை ஈடு செய்யக் கம்பியைத் தடிப்பாகச் சுற்ற வேண்டும். அடக்கமான மோட்டாரில் அதற்கு இடமிராது. காயில், அதாவது சுருள், செம்பா என்று கேட்டு, அதை ரசீதிலோ உத்தரவாத அட்டையிலோ பார்த்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐ.எஸ். 4250 என்ற எண்ணுள்ள இந்தியத் தர நிர்ணயம் வீட்டு மிக்சிகளுக்காகவே வகுக்கப்பட்டது, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அந்த எண் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

நகரத்தில் எழுதப்படும் ஆலோசனைகளில் காணப்படாத ஒரு விஷயம், கிராமக் கோடியிலுள்ள வீட்டின் மின்னழுத்தம். மின்மாற்றிக்கு வெகு தூரத்தில், தோட்டங்களிலே பம்பு செட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், 230 வோல்ட் என்று பெயருள்ள மின்சாரம் 180 வோல்ட்டாக வந்து சேர்வதுண்டு. ஒரு மின் சாதனத்தின் தடை மாறாதிருந்தால் அது பெறும் சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். அந்தக் கணக்கில் 180 வோல்ட்டில் கிடைப்பது 61 சதவீதந்தான். மிக்சி மோட்டாரின் கணக்கு இதைவிடச் சிக்கலானதாயினும் பலன் அதே திசையில்தான் செல்கிறது. வேகம் குறைகிறது, வேகம் குறைந்ததால் அரைவை முடிய அதிக நேரமாகிறது, மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே அச்சில் பொருத்தப்பட்டிருப்பதால் விசிறியின் வேகமும் குறைந்து, காற்று மிகவும் தேவைப்படும் வேளையில் காற்று குறைகிறது. விளக்கு மங்கி எரியும் நேரத்தில் கெட்டியான மசாலாவை அரைக்க முயலாமல், சற்றுப் பொறுத்து அரைப்பது யந்திரத்துக்குச் செய்யும் பேருபகாரம். இதே காரணத்தால், பாரமான அரைவையை முதல் வேகத்திலேயே நெடுநேரம் ஓட்டிக்கொண்டிருப்பதும் தவறு.

உஷ்ணத்தின் இந்தத் தத்துவத்தை மனத்தில் கொண்டு, முதலில் எழுதிய ஜாபிதாவை மறுபடி பார்ப்போம். வருஷத்துக்கான மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் மிக்சியில் அரைக்க வேண்டியவை அல்ல. உலர் அரைவையில் உஷ்ணத்தை வாங்கிக்கொள்ள நீரில்லை. பண்டமும், ஜாரின் அடியில் பிளேடின் அச்சைத் தாங்கும் புஷ்ஷும் சேர்ந்து காய்கின்றன. மல்லியின் மணத்துக்குக் காரணமான எண்ணெய்ச் சத்து சூட்டில் ஆவியாகிப் போகிறது. விரலி மஞ்சளோ பிளேடின் முனையையே உடைக்கும் கடினமுள்ளது. இந்த வேலைக்கென்று நம் ஊர்களில் அரவை மில் இருக்கிறது. அங்கே பல குதிரைச் சக்தி மோட்டார் சில நிமிடங்களில் முடிப்பதை, வீட்டில் ஒரு நாள் முழுவதும் மிக்சியை வருத்தி முடிப்பது சிக்கனம் ஆகாது. கம்பு மட்டும் இதற்கு விலக்கு என்பேன். கம்பில் ஏறக்குறைய 5 சதவீதம் கொழுப்பு உண்டு. மாவாக்கியவுடன் தானியத்திலுள்ள ஒரு நொதி அந்தக் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்குவதால், சில நாட்களில் மாவு கசந்து போகிறது. ஆகையால் கம்பை மில்லில் மாதக் கணக்குக்குத் திரித்து வைப்பதைவிட, அன்றன்றைக்கு வேண்டியதைச் சிறிது ஈரப்படுத்தி, விட்டு விட்டுச் சுற்றிக் கரகரப்பாக உடைத்துக்கொள்வதற்கு மிக்சி நன்கு பயன்படுகிறது.

இட்லி மாவும் மிக்சியின் சுமையிலிருந்து இறக்க வேண்டியதே. 500 வாட் யந்திரம் முழுச் சக்தியோடு 5 நிமிடம் ஓடினால் 1,50,000 ஜூல் செலவாகிறது. அதில் பாதி ஜாருக்குள் சேர்ந்தாலும், 1 கிலோ மாவு 18 டிகிரி அளவுக்குச் சூடேறும். சித்திரை மாதத்து அருப்புக்கோட்டையில், ஏற்கெனவே 32 டிகிரியில் உள்ள நீர் 50ஐத் தொட்டுவிடும். மாவைப் புளிக்கச் செய்து பொங்க வைக்கும் லூக்கோனாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள் அந்தச் சூட்டைத் தாங்குவன அல்ல. உளுந்தின் புரதமும் அதிலுள்ள வழவழப்பான சர்க்கரைச் சங்கிலிப் பொருளும் சேர்ந்து காற்றுக் குமிழிகளைச் சிறைப்பிடித்தால்தான் இட்லி மிருதுவாகும். அதற்கு நிதானமான தேய்ப்பு வேண்டும். கிரைண்டர் இல்லாத வீட்டில் மிக்சியில்தான் ஆட்ட வேண்டுமென்றால், மண்பானைக் குளிர்ந்த நீரைச் சிறுகச் சிறுக ஊற்றி, மூன்று நான்கு தடவையாகப் பிரித்து, இடையிடையே ஆறவிட்டு அரைப்பது ஓரளவு பரிகாரமாகும்.

கல்லைச் சுழற்றும் மின்சாரக் கிரைண்டர் தமிழ்நாட்டின் சொந்தச் சிருஷ்டி. 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் அதை உருவாக்கினார். கோயம்புத்தூர் கிரைண்டர் பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது. அதிலுள்ள மோட்டார் வேறு ஜாதி. அதற்குக் கார்பன் இல்லை, தீப்பொறி இல்லை. நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்றுச் சுழலும் மோட்டாரின் வேகத்தைப் பெல்ட்டோ பற்சக்கரமோ குறைத்து, பாத்திரத்தை மெல்ல உருட்டுகிறது. 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம் 0.075 யூனிட்; 500 வாட் மிக்சி 5 நிமிடம் ஓடினால் 0.042 யூனிட்டுக்குக் குறைவு. தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் வரை வீட்டு மின்சாரம் இலவசமாக இருக்கும்போது, இந்த இரண்டு யந்திரங்களின் மின்செலவை எண்ணி எவரும் தயங்க வேண்டியதில்லை. செலவு வாங்குவதிலும் பழுது பார்ப்பதிலும் இருக்கிறது.

ஃபுட் பிராசசர் என்னும் பெரிய யந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1973இல் கார்ல் சான்தைமர் என்பவர் குவிசினார்ட் என்ற பெயரில் அமெரிக்க இல்லங்களுக்கு அறிமுகப்படுத்திய அந்த ஜாதி யந்திரம், அகன்ற பாத்திரத்தில் குறைந்த வேகத்தில் காய்கறி சீவவும் மாவு பிசையவும் சாமர்த்தியமுள்ளது. துவையலுக்கும் மசாலாவுக்கும் அது மிக்சியின் துணையைத்தான் நாட வேண்டும். சொற்ப வருமானக் குடும்பத்துக்கு அது வேண்டுவதில்லை.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணாவின் பிறந்த தினத்தில், முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்த விலையில்லா மின்விசிறி, மிக்சி, கிரைண்டர் திட்டம் இந்தப் பகுதியின் அடுப்பங்கரைகளை மாற்றிய ஒரு பெரும் நிகழ்ச்சி. அதற்கு முன் மிக்சியைத் தொட்டறியாத வீடுகளில் அது வந்து அமர்ந்தது. அந்த யந்திரங்களில் பல இன்றும் ஓடுகின்றன. பல, பரணிலே கிடக்கின்றன. புதிதாக வாங்க நினைப்பவர் முதலில் பரணிலிருப்பதை இறக்கிப் பழுது பார்ப்பவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். கிணற்று மோட்டாருக்கும் விசைத்தறி மோட்டாருக்கும் காயில் கட்டிப் பழகிய கைகள் அருப்புக்கோட்டை போன்ற நெசவு ஊரில் உண்டு.

அத்தகைய ஒரு பட்டறையின் மேசையில், தலைகீழாகக் கவிழ்த்து வைத்த பழைய மிக்சி ஒன்றை உற்றுப் பார்த்தால் ஒரு பாடப் புத்தகமே விரியும். காற்றுத் துவாரங்களிலே காய்ந்துபோன மாவும் சட்னியும் அடைத்துக் கிடக்கும். அதுவே மோட்டார் சூடானதற்குப் பாதிக் காரணம். ஒரு மூலையில் சிவப்பு நிறத்தில் சிறு பொத்தான் ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சுமை மிகுந்தபோது மின்சாரத்தைத் துண்டிக்கும் காவல் அது. யந்திரம் செத்துவிட்டது என்று கருதி மூலையில் போட்ட மிக்சிகளில் சில, பத்து நிமிடம் ஆறவிட்டு அந்தப் பொத்தானை உள்ளே அழுத்தினால் உயிர் பெறுவன. மேற்புறத்தில் ஜாரைக் கவ்வும் கப்ளரின் பற்கள் மழுங்கி வட்டமாகியிருக்கும். ஜார் சிக்கிக்கொண்டால் மோட்டார் எரியாமல் தான் உடைந்து காப்பாற்றுவதற்காகவே ரப்பரிலோ நைலானிலோ செய்யப்பட்ட உறுப்பு அது, விலையும் அற்பம். திருகைக் கழற்றினால், விரற்கடை நீளமிருக்க வேண்டிய கார்பன் நகத்தளவாகத் தேய்ந்திருப்பதும், அதைச் சுற்றிக் கரிய பொடி படிந்திருப்பதும் தெரியும். இவற்றில் எதுவும் யந்திரத்தின் மரணம் அல்ல. காயில் முழுவதும் கருகி, ஆர்மேச்சரும் வெந்திருந்தால் மட்டுமே புதிதின் விலையோடு ஒப்பிட்டு யோசிக்க வேண்டும்.

ஜாரின் பரீட்சை இன்னும் எளிது. பிளேடை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. மேலும் கீழும் இழுத்தால் மயிரிழைக்கு மேல் அசையக் கூடாது. ஆட்டமிருந்தால் அடியிலுள்ள புஷ் தேய்ந்துவிட்டது. அதன் வழியே கறுத்த நீர் கசியத் தொடங்கும், பண்டத்திலும் கலக்கும். ஜாரின் எஃகு இரண்டு வகையில் பெரும்பாலும் கிடைக்கிறது. 304 என்னும் வகையில் குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் உண்டு. 202 என்னும் மலிவு வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாயிருக்கும் ஊர்களில், உப்பிட்ட சட்னியை ஜாரிலேயே இரவு முழுவதும் விட்டுவைத்தால், மலிவு எஃகில் ஊசி முனை போன்ற குழிகள் விழும். 304 கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. அரைத்தவுடன் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தால் 202 ஜாரும் பல ஆண்டுகள் வரும்.

பண்டங்களைப் பகுத்துக்கொண்ட பின் மிக்சிக்கு எஞ்சுவது, தினசரிச் சட்னி, குழம்பு மசாலா, இஞ்சி பூண்டு விழுது, கைப்பிடி அளவு பொடி, கூழுக்கு உடைத்த கம்பு, இவ்வளவே. இதற்கு 500 அல்லது 550 வாட் மோட்டாரும், செம்புக் காயிலும், ஒரு பெரிய ஜாரும், பலமான சட்னி ஜாரும் உள்ள யந்திரம் தாராளமாகப் போதும். 750 வாட்டுக்கும் நான்காவது ஜாருக்கும் கொடுக்கும் கூடுதல் பணம் இந்தக் குடும்பத்துக்கு எந்தப் பலனையும் தராது. மிக்சியிலேயே வாரம் தவறாமல் மாவாட்ட வேண்டிய கட்டாயமுள்ளவர்கள் மட்டும் 750 வாட்டைப் பற்றி யோசிக்கலாம். அவர்களும் அந்தக் கூடுதல் பணத்தோடு இன்னும் சிறிது சேர்த்து ஒரு மேசைக் கிரைண்டர் வாங்குவதையே நான் சிலாகிப்பேன்.

ஆகவே, வாசகரே, விருதுநகரிலோ அருப்புக்கோட்டையிலோ எந்தக் கடைக்குள் நுழைவதற்கு முன்பும், உங்கள் ஊரில் மிக்சி பழுது பார்ப்பவர் யார் என்று விசாரித்து, எந்தக் கம்பெனியின் உதிரி பாகம் அவரிடம் எப்போதும் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் இரண்டு மூன்று பெயர்களுக்குள் உங்கள் தேர்வை அடக்கிக்கொள்ளுங்கள். கடையில் ஜாரை வைத்து ஓட்டிப் பார்த்து, தேதியிட்ட ரசீதும் முத்திரையிட்ட உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு ஜோடி கார்பனும் இரண்டு கப்ளரும் ஓர் உபரி சட்னி ஜாரும் அன்றைக்கே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.